அன்றைய சத்தம்

பசறையில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தபோது, இணையத்தில் யாரோ அறிவித்த சவால் ஒன்றில் சேர்ந்தேன். ஒரு மாதம் தினமும் வெளியே போய் ஏதாவது ஒரு சத்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து யாரையும் தெரியாமல் இருந்த எனக்கு, பாடசாலை விட்ட பிறகு நடந்து திரிய அது ஒரு காரணமானது. கொழும்பிலிருந்த சித்தப்பாவின் மகன் தன் சிறிய ரெக்கோடரைத் தந்திருந்தான்.

தகரக் கூரையில் மழை, கொழுந்து நிறுக்கும் இடத்தில் வாக்குவாதம், ஓடையோரத் தவளைகள் என்று நாட்கள் போயின. நான் வாடகைக்கு இருந்த வீட்டு அக்கா தினமும் விசாரிப்பார்.

"சேர், இன்னைக்குச் சத்தம் புடிச்சாச்சா? இல்லேன்னா வாங்க, தாளிக்கப் போறேன்."

"வெளியில எடுக்கவேணும் அக்கா."

"அப்ப அடுப்ப வெளிய தூக்கிட்டு வரவா?"

அவருடைய கணவர் பதுளை–பசறை பஸ் சாரதி.

அது யுத்த காலம். ஒரு சனிக்கிழமை, பதுளை பஸ் நிலையத்தில் நடத்துநர்கள் ஊர்ப் பெயர்களைக் கூவுவதைப் பதிவு செய்ய ரெக்கோடரை நீட்டிப் பிடித்து நின்றேன். எவ்வளவு மடத்தனம் என்பது ஒரு பொலிஸ்காரர் கையைப் பிடித்தபோதுதான் உறைத்தது. அடையாள அட்டையில் யாழ்ப்பாண முகவரி. என் சிங்களமோ கடையில் பாண் வாங்கும் அளவுக்குத்தான்.

புறப்படவிருந்த பஸ்ஸை நிறுத்திவிட்டு வீட்டுக்கார அண்ணன் இறங்கி வந்தார். "அபே சேர்," எங்கள் சேர், என்று தொடங்கிச் சிங்களத்தில் ஏதேதோ சொன்னார். பஸ்ஸிலிருந்து என் மாணவி ஒருத்தியின் தாயும் இறங்கி வந்து அவர் பக்கத்தில் நின்றார். பொலிஸ்காரர் இயர்போனைக் காதில் வைத்துத் தவளைகளைக் கேட்டார். தேவைக்கு அதிகமாகவே கேட்டார் என்று நினைக்கிறேன். அன்றைய பதிவை அழிக்கச் சொல்லிவிட்டு என்னை விட்டுவிட்டார்.

பஸ்ஸில் அண்ணனுக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

"இனி வேண்டாம் அண்ணை. விட்டிடுறன்."

"ஏன் சேர் விடணும்? டவுன்ல மட்டும் எடுக்காதீங்க."

மலைப்பாதையில் ஒரு பெரிய வளைவுக்கு முன் பஸ்ஸை ஓரங்கட்டினார். "எல்லாரும் கொஞ்சம் பேசாம இருங்க. நம்ம சேருக்கு இன்னைக்குச் சத்தம் இல்ல."

சந்தைப் பைகளோடு நெருக்கியடித்து நின்றவர்கள் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. நான் ரெக்கோடரோடு கீழே இறங்கியதும் ஹோர்னை ஒரு முறை நீளமாக அடித்தார். எதிர் மலை அதைத் திருப்பி அனுப்பியது. பஸ்ஸுக்குள் ஒரு குழந்தை கலகலவென்று சிரித்தது.

மாதம் முடியும்வரை ஒரு நாளும் தவறவில்லை. அதன்பின் பஸ்ஸில் ஏறினால் யாராவது நகர்ந்து இடம் தருவார்கள். ஊருக்கு மாற்றல் கேட்டு முன்பே விண்ணப்பித்திருந்தேன். அதை மீளப்பெற்று, பல ஆண்டுகள் பசறையிலேயே இருந்தேன். அங்கேதான் எனக்குக் கல்யாணமும் நடந்தது. பெண் கேட்கப் போனபோது என் பக்கத்துப் பெரியவர்களாக வந்தவர்கள் அந்த அண்ணனும் அக்காவும்.