குடும்பத் தலைவர் கையெழுத்து

"அவரு இறந்துட்டாருன்னா பிரச்னையே இல்லீங்க மேடம்."

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஒருவர் என்னிடம் சொன்னது இது. மிரட்டவில்லை. கிண்டலும் செய்யவில்லை. ரொம்ப அக்கறையாக, உதவி செய்கிற குரலில்தான் சொன்னார்.

யார் இறந்திருந்தால்? என் வீட்டுக்காரர். சொன்னவர் யார்? எங்கள் மகளிர் குழுவுக்குக் கடன் தருகிற கம்பெனியின் ஆபீசர்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கோபத்தில் நான் பாட்டுக்கு எங்கேயாவது போய்விடுவேன்.

வாராவாரம் வாசிக்கிறவர்களுக்கு என் குடும்பக் கதை தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காக — விருத்தாசலத்தில் ஒரு செராமிக் யூனிட்டில் பில் போடுகிறேன். பீங்கான் பொம்மை, ஊதுவத்தி ஸ்டாண்டு, ஃப்யூஸ் கட்டை... எல்லாம் வைக்கோல் சுற்றிப் பெட்டியில் ஏறி ஊர் ஊராகப் போகும். எத்தனை போயிற்று, எத்தனை உடைந்து திரும்பி வந்தது என்று பார்ப்பது என் வேலை. வீட்டில் நானும் மகள் யாழினியும். ப்ளஸ் டூ படிக்கிறாள். வீட்டுக்காரர் எட்டு வருஷமாக வேப்பூரில் இருக்கிறார், வேறு குடும்பத்தோடு.

போகும்போது ஒரு லோடு ஆட்டோவை ஓட்டிக்கொண்டு போனார். அதன் கடனை மட்டும் இங்கேயே விட்டுவிட்டுப் போனார். ஜாமீன் கையெழுத்து நான் போட்டிருந்தேன் அல்லவா? மாதாமாதம் ஆள் வந்து வாசலில் நின்றார்கள். கட்டினேன். நடுவில் அவர் அந்த வண்டியையே யாருக்கோ தள்ளிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அப்போதும் கட்டினேன். ஒரு நாள்கூட ஏறி உட்காராத வண்டிக்கு, கடைசித் தவணை வரை கட்டி முடித்த புண்ணியவதி நான்.

அதை முடித்த பிறகு நகைச்சீட்டு கட்டி ஒரு செயின் வாங்கினேன். மூன்று பவுன். யாழினிக்கு நர்சிங் படிக்க ஆசை. காலேஜில் இடம் கிடைத்ததும் முதல் வருஷ ஃபீஸுக்கு அந்தச் செயின்தான் என்று நானும் அவளும் பேசி வைத்திருந்தோம். ஆனால் நடுவில் அவளுக்கு டைஃபாய்டு வந்தது. அது முடிவதற்குள் வீட்டு ஓனர் அட்வான்ஸை ஏற்றினார். செயின் அடகுக்குப் போனது.

அடகு வைத்த இடத்தில் இப்போது புதுப் பழக்கம். முன்பு போல வட்டியை மட்டும் கட்டி அடுத்த வருஷத்துக்கு மாற்றி வைக்க முடியாதாம். முழுப் பணத்தையும் கட்டு, நகையை மீட்டுக்கொள், வேண்டுமானால் மறுபடி வை என்கிறார்கள். முழுப் பணம் கையில் இருந்தால் நான் எதற்கு ஐயா உங்கள் கவுண்டரில் வந்து நிற்கிறேன்?

மாதக் கடைசிக்குள் மீட்காவிட்டால் ஏலம் என்று நோட்டீஸ் வந்தது. யாழினி அதை வாங்கிப் படித்தாள். "பரவால்லம்மா, நான் பி.எஸ்சி. சேந்துக்கறேன்" என்றாள். பதினேழு வயசுப் பெண் 'பரவால்ல' என்று சொல்கிறபோது வயிறு எரிகிறதே, அதற்கு எந்தக் கவுண்டரில் வட்டி கட்டுவது?

இந்த இடத்தில் சில வாசகர்கள் எனக்குப் புத்திமதி எழுதத் தயாராவது தெரிகிறது. செலவைத் திட்டமிடுங்கள், தினமும் எழுதி வையுங்கள், தேவையா ஆசையா என்று கேட்டுப் பாருங்கள்... எழுதிப் பார்த்தேன். அரிசி, கேஸ், கரண்டு, பஸ் பாஸ், வாடகை. இதில் ஆசை எது? தேடித் தேடிப் பார்த்ததில் ஒன்றுதான் தேவையில்லாத செலவு. இந்தக் கணக்கை எழுத நோட்டு வாங்கின காசு.

சரி, குழு லோனுக்கு வருவோம்.

செவ்வாய்க்கிழமை தோறும் காலையில், குழுத் தலைவி விஜயா வீட்டில் நாங்கள் ஐந்து பேரும் கூடுவோம். தரையில் வரிசையாக உட்கார்ந்திருப்போம். ஆபீசர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார். எழுந்து நின்று உறுதிமொழி சொல்ல வேண்டும் — தவணையைத் தவறாமல் கட்டுவேன், என் சகோதரியால் முடியாதபோது அவருக்காக நானும் கட்டுவேன். ஸ்கூல் பிரேயர் மாதிரி. ஒருத்தி பணம் கொண்டுவராவிட்டால் மற்ற நாலு பேரும் எழுந்து போக முடியாது. போன ஆடியில் ஒருத்தி புருஷனுக்குக் கால் உடைந்து கட்ட முடியாமல் போனது. நாங்கள் நாலு பேரும் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டுத்தான் அன்றைக்கு வேலைக்குப் போனோம்.

அந்தக் குழுவில்தான் புது லோன் கேட்டேன். செயினை மீட்க.

ஆபீசர் கையிலிருந்த டேப்லெட்டில் என் பேரைத் தட்டினார். "நாமினி யாருங்க மேடம்? லோனுக்குக் கூட கையெழுத்துப் போடறவங்க?"

"போன தடவ எங்க அப்பா."

"அவருக்கு வயசு தாண்டிடுச்சு. சிஸ்டம் எடுக்காது. வீட்டுக்காரரைப் போட்டுடலாமா?"

"அவரு எங்ககூட இல்லீங்க."

அப்போது அவர் சொன்னதுதான் இந்த வாரப் பத்தியின் முதல் வரி. இறந்திருந்தால் டெத் சர்டிபிகேட்டை ஏற்றிவிடலாமாம். வேலை முடிந்ததாம்.

"சாவலீங்க. வேப்பூர்ல ஓட்டல் கல்லால உக்காந்துகிட்டு நல்லா இருக்காரு" என்றேன்.

"டிவோர்ஸ் பேப்பர்?"

"இல்ல."

"அண்ணன் தம்பி? பதினெட்டு முடிஞ்ச பையன்?"

"ஒரே பொண்ணு. பதினேழு."

அவர் உதட்டைப் பிதுக்கினார். விஜயா இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள். "எங்க வூட்டுக்காரர வேணா வச்சிக்கயேன்டி. கையெழுத்துக்கு மட்டுந்தான். சாப்பாடு இங்கியே போட்டுக்கறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். சிரித்து முடிந்ததும் பொத்துக்கொண்டு வந்தது கோபம்.

"ஏங்க, ஒருத்தி கட்டலன்னா நாங்க நாலு பேரு கட்டறோம். அதுக்குத்தான எழுந்து நின்னு பிரேயரு சொல்ல வைக்கிறீங்க? இத்தினி வருஷத்துல எந்த நாமினி புருஷனாவது வந்து ஒரு தவண கட்டியிருக்காரா? அப்புறம் அவரு கையெழுத்து எதுக்கு?"

"நீங்க சொல்றது நியாயந்தாங்க மேடம். ஆனா அந்தக் கட்டத்தை ரொப்பாம அடுத்த பக்கம் போவாதே" என்று டேப்பை என் பக்கம் திருப்பிக் காட்டினார். காட்டினார் பாருங்கள், மேலே இன்னொரு கட்டம் இருந்தது. 'குடும்பத் தலைவர் பெயர்'. அதில் ஏற்கெனவே என் வீட்டுக்காரர் பெயரை அடித்து வைத்திருந்தார். பழைய ரேஷன் கார்டைப் பார்த்து ஏற்றியதாம்.

எட்டு வருஷமாக அரிசி வாங்குவது நான். வாடகை கொடுப்பது நான். அவர் கடனையும் சேர்த்து அடைத்தது நான். தலைவர் மட்டும் வேப்பூரில்!

வேறு வழி? ஏலத் தேதி கிட்டத்தில் இருந்தது. மறுநாள் யூனிட்டில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, ஃபாரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வேப்பூர் பஸ் ஏறினேன். வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை. ஒரு வார்த்தையும் உருப்படியாக வரவில்லை.

ஹைவே ஓரம் ஓட்டல். தோசைக்கல் முன்னால், அவர் இப்போது சேர்ந்து வாழ்கிற அந்தப் பெண் வியர்க்க விறுவிறுக்க நின்றாள். கல்லாவில் அவர். ஃபேன் அவர் பக்கம்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

என்னைப் பார்த்ததும் முதலில் பயந்தார். விஷயம் கையெழுத்துதான் என்று தெரிந்ததும் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. ஃபாரத்தை வாங்கி, வக்கீல் மாதிரி முன்னும் பின்னும் புரட்டினார். எனக்கு ஒரு டீ சொன்னார்.

"கையெழுத்துன்னா சும்மாவா? நாளைக்கு நீ கட்டலன்னா என்னையில்ல வந்து புடிப்பான்? எனக்கும் ரிஸ்க் இருக்குதுல்ல?"

"என்னா வேணும், சொல்லுங்க."

"ஒரு ரெண்டாயிரம் குடு. போட்டுடறேன்."

நீங்களே சொல்லுங்கள். இவர் ஓடிப்போன வண்டிக்கு நான் போட்ட கையெழுத்து ஓசி. அதற்கு நான் கட்டிய கடன் ஓசி. அவர் மகள் படிப்புக்கு அவர் போடுகிற கையெழுத்துக்கு ரெண்டாயிரம் கூலி! கத்தியிருப்பேன். வாயைக்கூடத் திறந்துவிட்டேன்.

அதற்குள் தோசைக்கல் பக்கமிருந்து குரல் வந்தது. திரும்பாமலேதான் பேசினாள்.

"என் லோனுக்கு ஐநூறு வாங்கிகினுதான போட்ட? இவங்களுக்கு மட்டும் என்னா ரெண்டாயிரம்?"

சாப்பிட்டுக்கொண்டிருந்த லாரி டிரைவர் ஒருவர் தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

"வாங்கின ஐநூறையும் அன்னிக்கே குடிச்சிட்டு வந்த. மரியாதையா போட்டு அனுப்பு. கஸ்டமருங்க பாக்கறாங்க" என்றாள் அவள்.

அந்தப் பெண்ணை எட்டு வருஷமாக மனசுக்குள் நான் திட்டாத திட்டில்லை. அன்றைக்கு முதல்முறையாக நேருக்கு நேர் பார்த்தேன். புறங்கையில் எண்ணெய் தெறித்த தழும்புகள். காதில் கம்மலுக்குப் பதில் துடைப்பக் குச்சி. அவள் கம்மல் எந்த அடகுக் கவுண்டரில் இருக்கிறதோ! எனக்கு அவளை மன்னிக்கிற பெரிய மனசெல்லாம் இல்லை. ஆனால் திட்டுவதற்கு வார்த்தையும் வரவில்லை.

அவர் கையெழுத்துப் போட்டார். கலெக்டர் மாதிரி நீட்டி, அடியில் ரெண்டு கோடு இழுத்து. ஆதார் ஜெராக்ஸும் கொடுத்தார். நான் எழுந்து பையை எடுத்தேன்.

"டீ பதினஞ்சு ரூவா" என்றார்.

கொடுத்தேன். சில்லறையாகவே கொடுத்தேன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை. கோபம்தான் வந்தது. அதுவும் அவர் மேல்கூட இல்லை. அவரைப் பற்றி எனக்கு எப்போதோ தெரியும். பெற்ற மகளுக்கு ஒரு கையெழுத்துப் போடக் கூலி கேட்கிற ஆளை நம்பகமான ஆள் என்கிறது ஒரு கம்பெனி. ஒரு வாரம்கூடத் தவறாமல் கட்டுகிறவளை, பக்கத்தில் ஒரு ஆண் பிள்ளை பெயர் இல்லாமல் நம்ப முடியாது என்கிறது. இந்தக் கட்டத்தை வடிவமைத்த புத்திசாலி யார்? எந்த ஏசி ரூமில் உட்கார்ந்து யோசித்தார்? அவர் வீட்டு மளிகைக் கணக்கை யார் பார்க்கிறார்கள்?

அடுத்த செவ்வாய்க்கிழமை ஃபாரத்தை நீட்டினேன். ஆபீசருக்கு சந்தோஷம். கடகடவென்று தட்டிக்கொண்டே போனார்.

"அவ்ளோதாங்க மேடம். தவணை ரிமைண்டர் கால் எந்த நம்பருக்குப் போவணும்? உங்க நம்பருக்கா, சார் நம்பருக்கா?"

எங்கள் குழுவில் எல்லோரும் தங்கள் நம்பரைத்தான் கொடுப்பார்கள். நானும் வாயைத் திறந்தேன். அப்போது அந்தக் கட்டம் கண்ணில் பட்டது. 'குடும்பத் தலைவர் பெயர்'. இன்னும் அப்படியே இருந்தது.

"சார் நம்பரையே போடுங்க" என்றேன். விஜயா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பணம் வந்தது. ஏலத்துக்கு முந்தின நாள் செயினை மீட்டேன். யாழினி அன்று மாலை முழுக்க அதைப் போட்டுக்கொண்டுதான் படித்தாள். காலேஜ் திறக்கும்போது அதே செயின் அதே கவுண்டருக்குப் போகும், எங்கள் ரெண்டு பேருக்கும் தெரியும். ஆனால் இந்தத் தடவை அவள் ஃபீஸுக்காகப் போகும். 'பரவால்லம்மா' என்ற பேச்சை அவள் அப்புறம் எடுக்கவில்லை. வாரத் தவணைக்காக, ஞாயிற்றுக்கிழமைகளிலும் யூனிட்டுக்கு பேக்கிங் வேலைக்குப் போகிறேன். கட்டிவிடுவேன். எப்போது கட்டாமல் இருந்திருக்கிறேன்?

நேற்று காலை அடுப்பில் பால் வைத்திருக்கும்போது போன் அடித்தது. வேப்பூர்.

"ஏய், என்னாடி இது? விடியறதுக்குள்ள ஒரு பொம்பள போன் பண்ணி 'அன்பான வாடிக்கையாளரே, உங்கள் தவணையைச் செலுத்தத் தயாராகுங்கள்'ங்குது. கட் பண்ணா திருப்பித் திருப்பி வருது. நானா லோன் வாங்குனேன்? எனக்கு எதுக்கு அடிக்கிறானுங்க?"

பாலை இறக்கி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னேன்.

"நீங்கதானங்க குடும்பத் தலைவரு?"

போன் வாராவாரம் வரும். லோன் ரெண்டு வருஷம்.