காலியாக இருந்த வருஷத்துக்கு மூன்று காரணங்கள்

என் அக்கா மகளுக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் யோசனை. சட்டை எடுக்கப் போனால் கடைக்காரருக்குக் கொட்டாவி வந்துவிடும். இவள் நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் நின்றுகொண்டே இருப்பாள். பள்ளிக்கூடம் முடித்ததும் என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டோம். "ஒரு வருஷம் டைம் குடுங்க" என்றாள். அவள் என்ன செய்யப் போகிறாள் என்ற கவலையைவிட, அக்கம்பக்கத்தில் என்ன சொல்வது என்ற கவலைதான் எங்களைப் பிடித்து ஆட்டியது.

அவள் சும்மா இருக்கவில்லை. தெருமுனையில் இருந்த மிருக டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்தாள். ஊசி போடும்போது நாயை அசையாமல் பிடித்துக்கொள்வாள். பூனையைத் துண்டில் சுற்றித் தலையை மட்டும் வெளியே விடுவாள். எடை மெஷினில் நிற்க அடம்பிடிக்கும் நாயைத் தூக்கிக்கொண்டு தானே ஏறி நின்று, பிறகு தன் எடையைக் கழித்துச் சொல்வாள். சாயங்காலம் வீடு திரும்பினால் துணியெல்லாம் ரோமம். ஒருநாள் நேரிலேயே பார்த்தேன். சட்டைக்கு நிறம் சொல்லத் தெரியாத பெண், கடிக்க வந்த நாயின் பிடரியை ஒரு நொடியில் பிடித்துவிட்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது, ஆனால் வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

வீட்டிலும் யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. அக்கா வீட்டுக்காரர், அதாவது என் மாமா, லிஃப்ட் மெக்கானிக். போகிற மாடிகளிலெல்லாம் "பொண்ணு பெரிய பரீட்சைக்குப் படிக்கிறா" என்று சொல்லிவைத்தார். அக்கா, மகளுக்கு மஞ்சள் காமாலை, டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார் என்றாள். நானாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வெளிநாட்டு பாஷை கற்றுக்கொள்கிறாள் என்று என் பங்குக்கு ஒன்றை அவிழ்த்துவிட்டேன். மூன்றும் ஒரே மாடிப்படியில் போய் முட்டிக்கொண்டன. மேல்வீட்டு டீச்சர் அவளை நிறுத்தி, "காமாலையோட பரீட்சைக்கும் படிச்சு, பாஷையும் கத்துக்கிறியாமே? உடம்பப் பாத்துக்கம்மா" என்றார். "சரி டீச்சர்" என்று சொல்லிவிட்டு அவள் நாய்களைப் பார்க்கப் போய்விட்டாள்.

அந்த வருஷம் முடிவதற்குள் வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றில் புள்ளியியல் படிக்க இடம் கிடைத்தது. தேடிப் பிடித்து விண்ணப்பித்தவர் மாமா. கையெழுத்து மட்டும் அவளுடையது. போக ஆசைதானே என்று கேட்டேன்.

"தெரியல சித்தி. ஆசையா பயமான்னு புரியல."

நான் சிரித்துவிட்டு சூட்கேஸ் வாங்கக் கிளம்பிவிட்டேன்.

விசா நேர்காணலில் அந்த ஒரு வருஷத்தைத்தான் குடைவார்கள் என்று ஏஜென்ட் கிலி கிளப்பிவிட்டார். சரியான காரணம் இல்லையென்றால் விசா கிடைக்காதாம், இடமும் போய்விடுமாம். அன்றிலிருந்து சாப்பாட்டு மேஜையில் தினமும் ஒத்திகை.

"காமாலைன்னே சொல்லு, இரக்கப்படுவாங்க" என்றாள் அக்கா.

"நோயாளிக்கு எவன் விசா குடுப்பான்? பரீட்சைன்னு சொல்லு" என்றார் மாமா.

பாஷைதான் பொருத்தம் என்று நான் மல்லுக்கு நின்றேன். அவள் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நடந்ததையே சொன்னா என்ன?"

"நாய் பிடிச்சிட்டு இருந்தேன்னா?" என்றார் மாமா. அதோடு பேச்சு முடிந்தது.

நேர்காணல் முடிந்து வெளியே வந்தவளின் முகத்திலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை. என்ன சொன்னாய் என்றதற்கு, "கேட்டதுக்குப் பதில் சொன்னேன்" என்றாள். சில வாரத்தில் விசா வந்துவிட்டது. பரீட்சைதான் காப்பாற்றியது என்று மாமா காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். காமாலை என்று அக்கா சாதித்தாள். நான் மனதுக்குள் பாஷைக்கு ஒரு மதிப்பெண் போட்டுக்கொண்டேன்.

விமான நிலையத்தில் அக்கா அழ ஆரம்பித்ததும் மாமா அவளைக் கண்ணாடிக் கதவோரமாக உட்கார வைத்தார். பார்வையாளர் சீட்டு வாங்கி, தள்ளுவண்டியோடு உள்ளே வரிசைவரை போனது நான்தான். அங்கே வைத்துத்தான் சொன்னாள்.

"சித்தி, விசா ஆபீஸ்ல நான் உண்மையத்தான் சொன்னேன். மிருக டாக்டர்கிட்ட வேலை பாத்தேன், அது பிடிச்சிருந்துது, இந்தப் படிப்பு வேணுமான்னு தெரியல, போகணுமான்னும் தெரியலன்னு."

"அடிப்பாவி. ஏன் அப்படிச் சொன்ன?"

"முடியாதுன்னு சொல்லிடுவாங்கன்னு நெனச்சேன். அவங்க சொல்லிட்டா நான் அப்பாகிட்ட சொல்ல வேண்டியதில்லையே. கேள்வி கேட்ட அம்மா சிரிச்சிட்டு, போய்த்தான் பாருங்களேன்னாங்க. இப்ப நான் என்ன பண்றது?"

ஊருக்கெல்லாம் பதில் வைத்திருந்தவள் நான். இவளை இழுத்துக்கொண்டு ஓடுவதா, முதுகில் ஒன்று வைத்து உள்ளே தள்ளுவதா? அழுகைதான் வந்தது.

"வா, வீட்டுக்குப் போயிடலாம். உங்கப்பாவ நான் பாத்துக்கறேன்" என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அவள் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாமா கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். வரிசை நகர்ந்து முன்னால் இடைவெளி விழுந்தது. பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார். அவள் வண்டியைத் தள்ளினாள். அது நகரவில்லை. மறுபடியும் தள்ளினாள்.

"சித்தி, கைய எடு" என்றாள்.

குனிந்து பார்த்தேன். வண்டியின் கம்பியை இரண்டு கையாலும் நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.