ரேவதி நட்சத்திரத்துக் கோலா

லண்டனில் மிச்சம் என்கிற ஊர்ப் பக்கம் எங்கள் வீடு. விடிய எழும்பி வான் வண்டியை எடுத்துக்கொண்டு போய், குளிர் அறையில் வைத்திருக்கும் யூக்கலிப்டஸ் கிளைகளை ஏற்றி, நகரத்துக்கு வெளியே ஒரு மிருகக்காட்சிசாலையில் இறக்குவது என் வேலை. அங்கே ஒரு கிழட்டுக் கோலாக் கரடி இருந்தது. வேறு இலையைத் தொடாது. யூக்கலிப்டசிலும் நேற்றுப் பிடித்த கிளை இன்றைக்குப் பிடிக்காது. மணந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இறக்கியதில் பாதியை நானே திரும்ப அள்ளுவேன். முதுகு விட்டுப்போகும்.

வேலையைப் பற்றிக் கேட்கிறவர்கள் எல்லாரும், "எங்களைப் போலத்தான், அதுவும் நாடு விட்டு வந்தது" என்பார்கள். எனக்கு எரிச்சல் வரும். நாங்கள் வரவேண்டுமென்று கேட்டு வந்தோம். வருகிறாயா என்று அதை ஒருவரும் கேட்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால், சூடாக்கிய அறையில், நட்டுவைத்த கட்டையில் தூங்கிக்கொண்டிருக்கும். வெளியே மழை பெய்யும்.

பிள்ளைகள் கல்யாணம் கட்டிப் போன பிறகு மனைவிக்கு விசாரிக்க ஆள் இல்லை. நான் கதவைத் திறந்ததும், "இண்டைக்குச் சாப்பிட்டாளே?" என்று கோலாவைத்தான் கேட்பாள். நான் சாப்பிட்டேனா என்ற கேள்வி தேத்தண்ணிக்குப் பிறகுதான்.

போன மாரிக் குளிரில் அது சாப்பிடுவதை நிறுத்தியது. மனைவி கோயிலில் அர்ச்சனை செய்யவேண்டும் என்றாள். அதற்கு நட்சத்திரம் வேண்டும். கோலாவைப் பராமரிக்கிற வெள்ளைக்காரப் பெட்டையிடம் போய், அதன் பிறந்த நாளைக் கேட்டேன். பிறந்ததை ஒருவரும் காணவில்லை, அவரை விதையளவில் பிறந்து தாயின் பைக்குள் போய்விடும், மாதக்கணக்கில் கழிந்து தலை வெளியே தெரிந்த நாளைத்தான் எழுதி வைப்போம் என்றாள் அவள்.

"அப்ப அந்த நாள்தான். முகம் கண்ட நாள்" என்று மனைவி போனில் பஞ்சாங்கத்தைப் பார்த்தாள். ரேவதி வந்தது.

விம்பிள்டன் கோயிலில் ஐயர் பெயரைக் கேட்டார். மனைவி கோலாவின் ஆங்கிலப் பெயரைச் சொன்னாள். அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. இங்கே எங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் அப்படித்தானே பெயர்.

"பிள்ளைக்குச் சுகமில்லையோ?"

"ஓம் ஐயா. சாப்பிடுறாள் இல்லை."

"எல்லாம் சரிவரும்."

எனக்குச் சிரிப்பு வந்திருக்கவேண்டும். வரவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்; நானும் கைகளைக் கூப்பினேன்.

அடுத்த முறை நான் இலையோடு போனபோது அறை கழுவியிருந்தது. கட்டையில் ஒன்றும் இல்லை. பெட்டை சிவந்த கண்களோடு வந்து, இந்த இலை இனித் தேவையில்லை, விருப்பமென்றால் கொண்டுபோ என்றாள். இலைக்கட்டு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மனைவி கதவடியில் இலையைப் பார்த்தாள். அன்றைக்கு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.

"தடிமனாக் கிடக்கு, மூக்கடைக்குது. ஆவி பிடிக்கப்போறன்" என்று அந்த இலையைப் பெரிய பானையில் போட்டு அவித்தாள். போர்வையால் தலையை மூடிக்கொண்டு குனிந்தாள். அன்று காலையில் நான் வேலைக்குப் போகும்போது அவளுக்குத் தடிமன் இருக்கவில்லை. வீடு முழுக்க அந்த மணம். பானை ஆறிய பிறகும் போர்வை குலுங்கிக்கொண்டிருந்தது.

வெளியே வந்தபோது முகமெல்லாம் ஈரம்.

"ஆவி" என்றாள்.

"ஓம்" என்றேன். பிறகு போர்வையை வாங்கி நானும் தலையை மூடிக்கொண்டேன்.