கிழங்கு மில் தொட்டியும் என் கைப்பிடிப் பவுடரும்

இரண்டு மாதம் முன்னால் என் கணவரின் ஆராய்ச்சியைக் கொன்றுவிட்டேன். வேண்டுமென்று இல்லை... குழந்தைக்காக.

அவர் கெமிக்கல் இன்ஜினியரிங் பேராசிரியர். கூடப் படித்தவர்கள் பம்பாயில் பெட்ரோல் கம்பெனி, உரக் கம்பெனி என்று போய்விட்டார்கள். இவர் எட்டு வருஷமாக ஜவ்வரிசி செய்யும் கிழங்கு மில்களின் கழிவுநீரைக் கட்டிக்கொண்டு அழுகிறார். புளித்த தண்ணீர் ஓடையில் போனால் ஊரே மூக்கைப் பிடிக்கிறது அல்லவா? அதிலிருந்து அடுப்பெரிக்க வாயு எடுக்கலாம், விறகும் மிச்சம், ஓடையும் பிழைக்கும் – இது அவர் கட்சி.

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு ட்ரம்மில் எடுத்தும் காட்டினார். நீலமாக எரிந்தது. ஆனால் சேந்தமங்கலம் பக்கம் ஒரு மில்லில் கட்டிய பெரிய தொட்டியில்? சாணம் கரைத்து ஊற்றி ஊற்றி... ஒரு குமிழி இல்லை. மாதக் கடைசிக்குள் எரியாவிட்டால் தொட்டியை இடித்துவிட்டு மாவு காயப்போடக் களம் கட்டப்போவதாக மில்காரர் சொல்லிவிட்டார். இது இடிந்தால் வேறு எந்த மில்லில் இடம் கொடுப்பார்கள்?

அந்த நேரம் பார்த்து எங்கள் தெருவில் வயிற்றுப்போக்கு. நாற்றமடிக்கும் இடத்திலெல்லாம் பிளீச்சிங் பவுடர் போடச் சொன்னார் சுகாதார ஊழியர். எங்கள் வீட்டில் அது எந்த இடம்? மகளோ தவழ்ந்து தவழ்ந்து அந்த ட்ரம்மிடம்தான் போகிறாள். போட்டேன்.

மறுநாள் ட்ரம்மில் வாயு நின்றது. தன் கணக்கில்தான் தப்பு என்று அவர் நோட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தார். மூன்று நாள் பார்த்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

"நாந்தானுங்க பிளீச்சிங் பவுடர் போட்டேன்."

"எவ்வளவு?"

"ஒரு கைப்பிடிங்க."

"ஒரு கைப்பிடிக்கேவா செத்துப்போச்சு?"

முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்! மனிதருக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பயந்துபோனேன். வாயு தருவது சாணத்தில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகளாம். பவுடர் அவற்றை மட்டும் விடுமா?

உடனே பஸ் ஏறிப் போய், மாவில் பவுடர் போடுகிறீர்களா என்று மில்காரரிடம் கேட்டிருக்கிறார்.

"ஏனுங்க சார், போடாம எப்புடிங்க மாவு வெளுக்கும்? ஊரே போடுது. நீங்க கேக்கவே இல்லீங்களே."

இவர் வீட்டுக்குக் கேனில் பிடித்து வந்தது முதல் கழுவல் தண்ணீர். பவுடர் சேர்வது அதற்குப் பிறகு. எல்லோரும் செய்வதை யாரும் யாரிடமும் சொல்வதில்லை... நான் மட்டும் என்ன, மூன்று நாள் வாயைத் திறந்தேனா?

மில்காரர் கெடுவை ஒரு மாதம் நீட்டினார். பவுடர் தண்ணீரைத் தனிக் குழிக்குத் திருப்பிவிட்டு, தொட்டியில் புதிதாகச் சாணம் கரைத்தார்கள். போன வியாழக்கிழமை நாங்கள் மூவரும் போயிருந்தோம். எரிந்தது. அதிலேயே டீ போட்டார்கள். களத்தை வேறு பக்கம் கட்டிக்கொள்வதாகச் சொன்ன மில்காரர், என் பக்கம் திரும்பினார்.

"அம்மணி, மல்லசமுத்திரத்துல எங்க மச்சான் மில்லு இருக்குதுங்க. அங்கயும் ஒரு தொட்டி கட்டோணும்ங்கறான். நீங்களும் வாங்க... எதையாச்சும் தப்பாப் போட்டுக் காட்டுனீங்கன்னா சாருக்கு வேலை சுளுவா முடியுமுங்க."

போகலாமா வேண்டாமா என்று நான் யோசிப்பதற்குள், இவர் தேதியே சொல்லிவிட்டார்.