என் கையால் தின்னாத நாய்

எனக்கு எண்பத்துநாலு வயது. பெற்று வளர்த்தது ஐந்து பிள்ளைகள். பெறாமல் வளர்த்தது முப்பத்தொரு நாய்கள். முப்பத்தொன்று என்றுதான் இத்தனை காலமும் ஊரில் சொல்லி வந்திருக்கிறேன். அதில் ஒன்றை நான் வளர்க்கவில்லை. எனக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கத்தான் வரும், எழுத வராது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள்.

கோம்பைக்காரர்கள் வேட்டைக்கு வளர்க்கிற ஜாதி நாய்கள் இல்லை என்னுடையவை. வண்டிச் சக்கரத்தில் கால் போனது, சொறி பிடித்தது, கண் திறக்குமுன் வாய்க்காலில் வீசப்பட்டது, இப்படித்தான். எங்கள் வீடு கம்பத்தில், குமுளிக்குப் போகிற சாலையின் ஓரம். மாட்டுக்கொட்டத்தில் ஒரு பக்கத்தைத் தடுத்து அவற்றுக்கு விட்டிருந்தேன். வேப்பெண்ணெய் தடவி, கேப்பைக்கூழ் ஊற்றித் தேற்றி, நல்ல வீடாகப் பார்த்துக் கொடுப்பேன். கேட்டவுடன் கொடுத்துவிட மாட்டேன். வெயிலில் கட்டிப்போடுவீர்களா, பிள்ளைகள் கல்லெறியுமா என்று பெண் கொடுப்பதுபோல விசாரிப்பேன். என் கையால் ஒரு வாய் தின்ற நாய் என்னை மறக்காது என்று எனக்குப் பெரிய பெருமை. என் மாமியாருக்கோ அதெல்லாம் பிடிக்காது. "மனுசருக்கே கூழு பத்தல, மூதேவிகளுக்கு ஊத்துறா பாரு" என்று தலையில் அடித்துக்கொள்வார்.

உலகச் சண்டை நடந்த காலம். அரிசியைக் கண்ணால் பார்ப்பதே அரிது. மழையும் பொய்த்துப்போய், மயிலாடும்பாறைப் பக்கத்துச் சனங்கள் ஆள் சேர்க்க வந்த கங்காணிக்குப் பின்னால் மலைமேலே தேயிலைத் தோட்டத்துக்குப் போனார்கள். அப்படிப் போன கூட்டத்தில் ஒரு பெண். இருபது வயது இருக்கும். புருசன் இல்லை. கூடவே ஒரு செவலை நாய், பெட்டை, ஒரு காது கிழிந்தது. யாரோ என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். நேராக வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"அக்கா, தோட்டத்து லயத்து வீட்டுல நாய விடமாட்டாகளாம். தொர பாத்தா சுட்டுப் போடுவாராம். தை பெறக்கவும் வந்து கூட்டிக்கிறேன். எனக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதேன்."

"தையென்ன, பத்து வருசம் ஆனாலும் இங்கன கெடக்கும். நீ போயிட்டு வா."

"அது புது ஆளுகிட்டச் சட்டுன்னு திங்காதுக்கா. கோவிச்சுக்கிறாதீக."

"எங்கிட்டத் திங்காத நாயி இனிமேத்தான் பெறக்கணும்" என்றேன்.

தின்னவில்லை. தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு, அவள் போன சாலையைப் பார்த்தே படுத்திருந்தது. கூழில் மோர் விட்டுக் கொடுத்தேன். கருவாட்டைச் சுட்டுக் கொடுத்தேன். என் கையை மோந்து பார்க்கும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நான்காம் நாள் காலையில் நான் கிணற்றடியிலிருந்து வருகிறேன்; என் மாமியார் சட்டி வழித்த தீய்ந்த களியை அதன் முன்னால் போடுகிறார். அது வாலை ஆட்டிக்கொண்டு தின்கிறது.

"என்னத்தா முழிக்கிற? நான் ஒண்ணும் கூப்பிடல. அதுவாத்தான் வந்துச்சு" என்றார்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். தண்ணீர் எடுக்கப் போனால் பக்கத்து வீட்டுக்காரி, "ஏத்தா, ஒங்கையி கசக்குதாம்ல?" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வீட்டுக்கு வந்தால் அந்த நாயைப் பார்க்க எரிச்சலாக வரும். அது மாமியார் பின்னாலேயே சுற்றும்.

ஒரு மாதம் போயிருக்கும். பண்ணைப்புரத்தில் கடலைக்காட்டுக்குக் காவல் இருக்கிறவர் வந்தார். "காட்டுப்பன்னி கடலைய விடமாட்டேங்குது ஆத்தா. ஒரு நாயி குடுங்க" என்றார். அன்றைக்குக் கொட்டத்தில் ஐந்து நாய்கள் இருந்தன. கயிற்றோடு செவலையைத்தான் பிடித்துக் கொடுத்தேன். வெயில், கல் என்று அவரிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை.

மாமியார் பார்த்துக்கொண்டே இருந்தார். "அது அந்தப் பிள்ளையோடதுல்ல? வந்து கேட்டா என்னடி சொல்லுவ?"

"வாறப்பப் பாத்துக்கிறேன்."

தை பிறந்து நாலாம் நாள் வந்தாள். மலைக்குளிரில் உதடெல்லாம் வெடித்திருந்தது. எனக்கென்று ஒரு பொட்டலம் தேயிலைத்தூள் கொண்டுவந்திருந்தாள். படலைத் திறக்கும்போதே நாக்கைச் சொடக்கி நாயைக் கூப்பிட்டாள். மற்ற நாய்கள் குரைத்தன. அவள் என்னைப் பார்த்தாள்.

பண்ணைப்புரம் அரைநாள் நடைதான். அங்கன இருக்குத்தா, வா போய்க் கூட்டியாருவோம் என்றால் முடிந்தது. ஆனால் ஏன் கொடுத்தேன் என்று கேட்பாளே. அதற்குள் பக்கத்து வீட்டுக்காரிகள் வேறு எட்டிப் பார்க்கிறார்கள். வாயில் வந்துவிட்டது:

"செத்துப்போச்சுத்தா."

அவள் அழவில்லை. எங்கே புதைத்தீர்கள் என்று கேட்டாள். கொட்டத்துக்குப் பின்னால், அதற்கு முந்தின வாரம் ஒரு குட்டியைப் புதைத்த மேட்டைக் காட்டினேன். அதன் பக்கத்தில் உட்கார்ந்து மண்ணைத் தடவிக் கொடுத்தாள். கையை எடுக்காமலே கேட்டாள்.

"கடைசில ஏதாச்சும் தின்னுச்சாக்கா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அத்தை போட்டதைத் தின்றது என்றாவது சொல்லியிருக்கலாம்.

"தின்னுச்சு. எங்கையாலதான் தின்னுச்சு" என்றேன்.

அவள் எழுந்து வந்து என் வலது கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "போதும்க்கா. பட்டினியாப் போகல. இந்தக் கைக்கு என்ன செய்யப் போறேன்" என்றாள். எனக்குப் பின்னால் மாமியார் நின்றிருந்தார். நான் திரும்பிப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். அப்புறம் சாகிறவரைக்கும் நாய்களைப் பற்றி என்னிடம் நல்லதோ கெட்டதோ பேசவே இல்லை.

அவள் அன்றைக்கே கங்காணியின் ஆட்களோடு மலையேறிவிட்டாள். நான் மூன்றாம் நாள் பண்ணைப்புரத்துக்கு நடந்தேன். கடலை பிடுங்கின காட்டில் பரணுக்குக் கீழே செவலை படுத்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து வந்தது. மடியிலிருந்த கருப்பட்டித் துண்டை நீட்டினேன். தின்றது. விரலைக்கூட நக்கியது.

"நல்ல நாயி ஆத்தா. கூட்டிப் போறீகளா?" என்று காவல்காரர் கேட்டார்.

கூட்டிப்போனால் ஊருக்கு அது சாகவில்லை என்று தெரியும். மலைக்கு யாராவது சொல்லிவிட்டால் அவளுக்கும் தெரியும். "இல்ல, சும்மா பாக்க வந்தேன்" என்று சொல்லித் திரும்பிவிட்டேன்.

அவள் அப்புறம் எங்கள் பக்கம் வரவில்லை. வருவதற்கு அவளுக்கு என்ன இருந்தது?

இப்போது பேத்தி தெருநாய்களைக் காப்பாற்றுகிற பிள்ளைகளோடு சேர்ந்திருக்கிறாள். அவர்கள் கூட்டத்தில் வாசிக்க என் கதையைக் கேட்டாள். எனக்கு மாலை போடுவார்களாம். நாய்க்காகப் பொய் சொன்னேன் என்றால்கூட அவர்கள் மன்னிப்பார்கள். நான் என் கைக்காகச் சொன்னேன்.

ஏ பேத்தி, எழுதும்போது நீ நடுவில் ஒருதரம் நிறுத்தினாய், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கிழவிக்கு அசிங்கம் என்று எதையும் விட்டுவிட்டாயா? அவள் கடைசியில் தின்றதா என்று கேட்டாளே, அதற்கு நான் என்ன சொன்னதாக எழுதியிருக்கிறாய்? அங்கனயிருந்து வாசி ஆத்தா. சத்தமா வாசி.