ரப்பர் வளையம் மாற்றியவர்

முதியோர் இல்ல நிர்வாகம் படிக்கும் நான் தின்கன்ஜூன் நகர்ப்பகுதியில் ஓர் இல்லத்துக்குப் பயிற்சிக்குப் போயிருந்தேன். படுத்த படுக்கையானவர்களை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிவிடும் பணியாளருக்குத் தடித்த கழுத்து, மடித்துக் கட்டிய லோஞ்சிக் கைலி. ஒருவரைப் புரட்டியதும், எண்ணிக்கைக்காக இடக்கையில் மாட்டிய ரப்பர் வளையங்களில் ஒன்றை வலக்கைக்கு மாற்றுவார்.

மேலிடச் சோதனை நாளன்று, புரட்டிய நேரத்தைக் குறிக்கும் அவருடைய அட்டவணை வெறுமையாக இருந்தது.

“அண்ணே, எழுதலேன்னா புரட்டலேன்னுதான் ஆகும். வேலை போயிரும்.”

“எழுதத் தெரியாது தம்பி.”

என் அப்பாவுக்கும் தெரியாது. சோதனைக்கு வந்த மேற்பார்வை அம்மாவான சயாமாவின் செருப்புச் சத்தம் படியேறியது.

“நானே எல்லாத்தையும் நிரப்பிரவா?”

“நீ பாத்தத மட்டும் போடு.”

அன்று நான் பார்த்தது இரண்டு தரம். நான் நிரப்பிய இரண்டு கட்டம் போதவில்லை. அவரை அங்கேயே வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவரோ மீதிக் கட்டில்களையும் முடித்து, வளையங்களைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டுத்தான் படியிறங்கினார்.