பச்சைக்கறி மாதிரியே இருக்கு

பரோட்டாக் கல்லுக்கு முன்னால் என் கணவர் மயங்கி விழுந்த வாரம்தான் மொட்டை மாடியில் முதல் சாக்கில் மண் நிரப்பினேன். பிரஷர் ஏகத்துக்கு ஏறியிருக்கிறது, உப்பு ஆகாது, பாக்கெட் சாப்பாட்டைத் தொடவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். இங்கே தோப்பும்படியில் ஒரு மலையாள ஓட்டலில் நாளெல்லாம் மாவு பிசைகிற மனுஷனுக்கு வீடு திரும்பியதும் வேண்டியது வெந்நீரில் மூன்று நிமிடத்தில் வேகும் நூடுல்ஸ். அதுவும் இரண்டு பாக்கெட். அதை நிறுத்துவதற்காகத்தான் வெண்டை, பயறு, கத்திரி எல்லாம். ஒரு வருஷம் மல்லுக்கட்டி நிறுத்தியும் விட்டேன்.

ஆனால் மாடி எங்களுடையதில்லை, வீட்டு ஓனருடையது. இக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். கொச்சங்காடியில் குடோன் வைத்து, அதே நூடுல்ஸை மட்டாஞ்சேரிக் கடைகளுக்கெல்லாம் சப்ளை செய்கிறவர். ஒரு நாள் மூச்சு வாங்க மாடியேறி வந்தார்.

"மோளே, கம்பெனிக்காரங்க தமிழ்நாட்டுக்கு ஒரு விளம்பரம் எடுக்கறாங்க. பெரிய நடிகை வருது. உன் தோட்டத்துலதான் ஷூட்டிங். நீ ஒரு வரி பேசணும், அத்ரே உள்ளு, அவ்வளவுதான்."

"எனக்கு இஷ்டமில்லை இக்கா."

அவர் கோபப்படவில்லை. சாக்குக்கு அடியில் கசிந்திருந்த ஈரத்தைச் செருப்பால் தேய்த்தார். "மாடி ஒழுகுது, கேட்டோ. இந்தச் சாக்கெல்லாம் எடுக்கச் சொல்லணும்னு நினைச்சிட்டிருந்தேன்."

மிரட்டல்தான், வேறென்ன? சாக்கு போனால் தோட்டம் போச்சு. தோட்டம் போனால் மனுஷன் மறுபடி பாக்கெட்டுக்குப் போய்விடுவார். சரி என்றேன். தோட்டத்தைப் படம் பிடிக்கிறார்கள் என்று மட்டும் வீட்டில் சொன்னேன், நான் பேசப் போவதைச் சொல்லவில்லை.

ஷூட்டிங் அன்று என் கத்திரிக்காயைப் பார்த்து டைரக்டர் முகம் சுளித்தார். பூச்சி ஓட்டை போட்டிருந்ததாம். மார்க்கெட்டிலிருந்து பளபளவென்று இரண்டு கிலோ வாங்கி வரச் சொல்லி, என் கண் முன்னாலேயே என் செடிகளில் நூலால் கட்டித் தொங்கவிட்டார்கள். நடிகை நல்ல பெண், குறை சொல்லக்கூடாது. காமிராவுக்கு முன்னால் நூடுல்ஸை ரசித்து ஒரு வாய் எடுத்தாள். கட் சொன்னதும் பக்கெட்டில் துப்பினாள். போகிறபோது என்னிடம் ஒரு பை பயற்றங்காய் கேட்டாள், பறித்துக் கொடுத்தேன்.

நான் பேச வேண்டிய வரியைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். "என் தோட்டத்துப் பச்சைக்கறி மாதிரியே இருக்கு." எழுதிய டைரக்டர் மலையாளி. அவர்களுக்குப் பச்சக்கறி என்றால் காய்கறி. நம் ஊரிலோ கறி என்றால் ஆட்டுக்கறி, கோழிக்கறி. தமிழ்நாடு முழுக்க டிவியில் இந்த நூடுல்ஸ் வேகாத மாமிசம் மாதிரி இருக்கிறது என்று நான் சொல்லப் போகிறேன். கல்யாணமாகி வந்து பதினோரு வருஷமாக இரண்டு பாஷையிலும் கிடந்து உழல்கிறவளுக்கு இது புரியாதா? படித்த உடனே புரிந்தது. திருத்தவில்லை. வேண்டுமென்றேதான் திருத்தவில்லை. எழுத்தெண்ணி, சத்தமாக, ஒரே டேக்கில் சொன்னேன்.

"சூப்பர் சேச்சி" என்றார் டைரக்டர்.

இரண்டு நாள் அடுப்படியில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் பயம் பிடித்துக்கொண்டது. இக்காவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? படியில் செருப்புச் சத்தம் கேட்டாலே சாக்கை எடுக்கச் சொல்லத்தான் வருகிறார் என்று கதவிடுக்கில் எட்டிப் பார்ப்பேன். தண்ணீர் ஊற்றுவதைக்கூடக் குறைத்தேன், மாடியில் ஈரம் தெரியக்கூடாதே என்று. மூன்று வாரம் இப்படியே போனது. இக்கா வரவேயில்லை.

விளம்பரம்தான் வந்தது. பக்கத்து வீட்டக்கா போனில் காட்டினாள். நூலில் தொங்கும் கத்திரிக்காய்க்குப் பின்னால் நான் நிற்கிறேன். வாய் அசைகிறது. குரல் வேறு யாருடையதோ, தேன் ஒழுகும் குரல். "என் தோட்டத்துக் காய்கறி மாதிரியே இருக்கு." யாரோ கண்டுபிடித்து டப்பிங்கில் மாற்றிவிட்டார்கள். உதட்டசைவுகூடப் பிசகாமல் பொருந்தியிருந்தது.

அன்று சாயங்காலம் என் கணவர் வேலை முடிந்து வந்தபோது கையில் இரண்டு பாக்கெட் இருந்தது. மேஜைமேல் வைத்தார்.

"என்ன இது?"

"ஓட்டல் டிவில தமிழ்ச் சேனல்ல பார்த்தேன். நம்ம தோட்டத்துக் காய் மாதிரியே இருக்காமே."

"அது என் குரல் இல்லைங்க. டப்பிங்."

"வாய் உன்னுதுதானே" என்றார்.

ஒரு பாக்கெட்டைப் பிடுங்கி எறிந்தேன். அவர் குனிந்து எடுத்து, தூசி தட்டிவிட்டு, அடுப்பில் தண்ணீர் வைத்தார்.